ஸ்ரீ என்ற எழுத்து

1

ஒண்ணாம் நம்பர் பஸ் என்றால் திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். ஜங்ஷனில் புறப்பட்டு, சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் போய்ச் சேரும். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பஸ்ஸின் நெற்றியில் நட்டுக்குத்தாக நிற்கும் அந்த ஒத்தைக் கோடு தெரியும். உறையூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து விடியக் கருக்கலில் கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் வீதி வீடுகளின் பின்கட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு மத்தியானம் திரும்புவாள். முன்வாசல் வழியாக அவள் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை.

1974-ல் நான் நாலாம் வகுப்பு. ஒரு லீவு நாளில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "போர்டுல என்ன எழுதியிருக்கு, படி பாப்போம்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவன் நான். படித்தேன். 'ரங்கம்' வந்தது. அதற்கு முன்னால் இருந்த எழுத்து வரவில்லை. சுழியும் கொம்புமாகப் பின்னிக் கிடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து அரிச்சுவடி அட்டையில் அது கிடையாது.

"என்னடா, நாலு வருசமா படிக்கிற. ஊருக்குப் போற பஸ்ஸு பேரு தெரியல?"

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்தார். "அது கிரந்த எழுத்துடீ. உங்களுக்கெல்லாம் வராது."

அம்மா சும்மா இருக்கவில்லை. "வராதுன்னா எப்படி சாமி? எல்லாரும் ஏறுற பஸ்ஸுலதானே எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமல் விட்டதால்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைத் தீர்மானித்தது எது? மூளையா, வாசலா?

2

முதலில் அந்த எழுத்தின் கதையைப் பார்ப்போம். ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ இவையெல்லாம் கிரந்தத்திலிருந்து தமிழ் எழுத்துக்குள் வந்தவை. சமஸ்கிருதத்தைத் தமிழ்நாட்டில் எழுதுவதற்குப் பயன்பட்ட எழுத்துத்தான் கிரந்தம். க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரே எழுத்து. சமஸ்கிருதத்துக்கு நான்கு நான்கு வேண்டும். அந்தத் தேவைக்காக வளர்ந்தது கிரந்தம்.

அதன் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்காரர்கள் எங்கேயும் போக வேண்டாம். மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறுகிற வழியிலேயே ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது. லளிதாங்குரன், குணபரன் என்ற அவனுடைய பட்டப் பெயர்களோடு, காவிரியையும் சொல்லி, தூண்களில் சமஸ்கிருதச் செய்யுள் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து பல்லவ கிரந்தம். ஜெர்மன்காரரான ஹுல்ட்ஷ் 1886-ல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராக வந்தவர். அவர் அதை வாசித்து, 1890-ல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சிட்டார்.

இந்தப் பல்லவ எழுத்து கடலையும் தாண்டிப் போனது. இன்று கம்போடியக் குழந்தை எழுதும் கெமர் எழுத்து, தாய்லாந்து எழுத்து, ஜாவாவின் பழைய எழுத்து எல்லாவற்றுக்கும் மூலம் பல்லவ எழுத்துத்தான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறவர்களுக்கு வந்த எழுத்து, மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சேரிக்கு 'வராது' என்று சொல்லப்பட்டது.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? இல்லை என்றுதான் மண்ணும் பாறையும் சொல்கின்றன. கிரந்தத்துக்கும் இன்றைய தமிழ் எழுத்துக்கும் முன்னால் இருந்தது தமிழி என்றும் தமிழ்-பிராமி என்றும் சொல்லப்படும் எழுத்து. மதுரைக்குப் பக்கத்து அழகர்மலைக் குகையில் அந்த எழுத்தில் பெயர் வெட்டியவர்களில் ஒருவர் உப்பு வணிகர், இன்னொருவர் கொழு வணிகர், அதாவது ஏர்க்கொழு விற்றவர். கரூர்ப் பக்கம் புகழூர் மலையில் ஒரு பொன் வாணிகர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் எங்கள் உறையூரில் அகழ்ந்தபோது எழுத்துக் கீறிய பானையோடுகள் கிடைத்தன. சோறாக்கும் பானையில், தண்ணீர்ச் சட்டியில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். இது யாருடைய பானை என்று அடையாளம் தெரிவதற்காக எழுதிய எழுத்து. அதை வாசிக்கவும் ஆட்கள் இருந்திருக்க வேண்டும். அரண்மனை எழுத்தாக மட்டுமோ கோயில் எழுத்தாக மட்டுமோ அது இருக்கவில்லை.

எழுத்துக்குப் பூட்டு பிறகுதான் விழுந்தது. நிலம் பிரமதேயமாகவும் தேவதானமாகவும் பதிவாகி, அந்தப் பதிவை எழுதுகிறவன் ஒருவன், வைத்துக் காக்கிறவன் ஒருவன் என்று ஆனபோது, எழுத்து சொத்தோடு சேர்ந்துகொண்டது. சொத்து இல்லாதவனுக்கு எழுத்து எதற்கு என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

3

ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி ஏழு மதில்கள். சுவர்களில் 600க்கும் அதிகமான கல்வெட்டுகள். 1982-ல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதி முழுக்க இந்த ஒரே கோயிலுக்கு உரியது. தமிழ், சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு, மராத்தி, ஒரியா என்று ஆறு மொழிகள் அந்தச் சுவர்களில் இருக்கின்றன.

எப்படி வந்தன? 13ஆம் நூற்றாண்டில் போசளர்கள், அதாவது ஹொய்சளர்கள், சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் தலைநகர் வைத்தார்கள், கன்னடம் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஒரிசாவின் கஜபதி படை காவிரிக்கரை வரை வந்தது, ஒரியா வந்தது. விஜயநகரமும் நாயக்கர்களும் வந்தார்கள், தெலுங்கு வந்தது. பிறகு மராத்தியர். வாளோடு வந்தவன் ஒவ்வொருவனும் தன் எழுத்தைச் சுவரில் வெட்டிவிட்டுப் போனான். ஒரு எழுத்தையும் கோயில் வெளியே நிறுத்தவில்லை. நிறுத்தப்பட்டவர்கள் மனிதர்கள்தான்.

திருப்பாணாழ்வாரை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் உறையூர்க்காரர். பாணர் குலத்தவராகையால் கோயிலுக்குள் போகாமல் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார் என்று வைணவ குருபரம்பரைக் கதையே சொல்கிறது. கல்லால் அடித்ததும், பிறகு லோகசாரங்க முனிவர் தோளில் தூக்கிப் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. அவர் பாடியது பத்தே பாட்டு, அமலனாதிபிரான். நல்ல தமிழ். அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதினார். வேதாந்த தேசிகர் முனிவாகன போகம் என்று ஓர் உரை எழுதினார். இரண்டும் மணிப்பிரவாளம். தமிழும் சமஸ்கிருதமும் கலந்த நடை. கிரந்தம் தெரியாமல் அந்த ஏடுகளைத் தொட முடியாது. பின்னால் அச்சு வந்த காலத்திலும் வைணவ உரைநூல்கள் பல கிரந்த எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும்தான் அச்சாயின. ஆக, பாணன் பாடிய பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று பாணனுடைய சனங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பாணனுக்குச் சொல்லிக் கொடுக்காத எழுத்தைக் கற்றிருக்க வேண்டும்.

சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கச் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும். 1939 சூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழைந்தார்கள். 1947-ல் சென்னை மாகாணத்துக்குப் பொதுவான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்கு முன் எழுத்துத் தெரிந்த சேரி ஆள் ஒருவர் இருந்திருந்தாலும், உள்சுவர்க் கல்வெட்டைப் பார்த்துப் படித்திருக்க முடியாது. 'அவர்களுக்கு வரலாறு இல்லை' என்று நம்மைச் சொல்கிறவர்கள் இந்தச் சின்ன விசயத்தை யோசிப்பதில்லை.

4

புது எழுத்தைக் கற்பது கஷ்டமா? கஷ்டம்தான். ஆனால் முடியாதது அல்ல என்பதற்கு வெளியே இருந்து வந்தவர்களே சாட்சி.

1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார் சீகன்பால்கு. ஜெர்மன்காரர், இருபத்து நாலு வயது. ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். எட்டு ஒன்பது வருசத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. ஸ்வார்ட்ஸ் ஐயர் ஜெர்மனியில் ஹாலே நகரத்திலேயே தமிழ் எழுத்துப் படித்துவிட்டுக் கப்பல் ஏறினார். 1760களில் திருச்சிக் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் கட்டியவர் அவர். நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகமும், தஞ்சாவூர் அரண்மனைக்காக மராத்தியும் கற்றார். ஏலாக்குறிச்சி, திருச்சி வட்டாரத்தில் வாழ்ந்த இத்தாலிக்காரர் பெஸ்கி, நம் வீரமாமுனிவர், கற்றதோடு நிற்கவில்லை. எ, ஏ, ஒ, ஓ இரண்டிரண்டையும் குழப்பமில்லாமல் பிரித்து எழுத வழி செய்தார். அயலான் ஒருவன் வந்து எழுத்தையே திருத்துகிறான், தமிழ் ஏற்றுக்கொள்கிறது.

மணலில் எழுதிப் பழகும் நம் திண்ணைப் பள்ளி முறையைச் சென்னை எழும்பூர் அனாதை விடுதியில் கையாண்ட ஆண்ட்ரூ பெல், 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் அந்த முறையில் எழுத்துப் படித்தார்கள். திண்ணை மணல் லண்டன் வரை போனது.

இங்கே? 1822-ல் ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். கணக்குத் தாளில் பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதியார், முஸ்லிம் என்று கட்டங்கள். தரம்பால் 1983-ல் அந்தக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, 'பாருங்கள், அந்தக் காலத்தில் எல்லாரும் படித்தார்கள்' என்று சிலர் பேசுகிறார்கள். சூத்திரர் நிறையப் படித்தார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது, சரி. பறையர் எத்தனை, பள்ளர் எத்தனை, சக்கிலியர் எத்தனை? 'மற்ற எல்லாச் சாதியார்' என்ற ஒரே கட்டத்துக்குள் எல்லாரையும் போட்டு மூடியிருக்கிறது. நமக்குத் தனிக் கட்டம்கூடக் கிடையாது.

அதற்காக, நம்மிடம் எழுத்தே இல்லை என்று சொல்வதும் பொய். தன் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் துரையிடம் சமையல்காரராக இருந்தவர் என்றும், வீட்டில் இருந்த திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்த்தவர் அவரே என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். பண்டிதர் பாலியும் சமஸ்கிருதமும் கற்றவர். 1907-ல் பத்திரிகை தொடங்கி, தமிழின் பழைய ஏடுகளை வைத்துக்கொண்டே சாதி வரலாற்றைத் தலைகீழாக வாசித்துக் காட்டினார். பூட்டை உடைத்தவர்கள் நமக்குள் இருந்திருக்கிறார்கள். ஊர் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

பம்பாயில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்கக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பாரசீகம் படித்தார். இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். மராத்தியும் தேவநாகரி எழுத்துத்தான். ஆக, அம்பேத்கருக்கு அந்த எழுத்து சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்த எழுத்தை வைத்துக்கொண்டு மொழிக்குள் போகக் கூடாது என்றார்கள். தெரியாத அரபு வரிவடிவத்தைக் கற்றுத்தான் வேறு மொழிக்குப் போக வேண்டியிருந்தது. பின்னாளில் சமஸ்கிருதத்தையும் தாமே படித்தார், பாலிக்கு அகராதி தொகுத்தார். வேதத்தையும் மனுவையும் அவர் கேள்வி கேட்டது மூலத்தைப் புரட்டிப் பார்த்துத்தான். நாக்பூரின் குமுத் பாவ்டே, தலித் பெண், சமஸ்கிருதப் பேராசிரியரே ஆனார். அதற்குப் பட்ட பாட்டைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். படிப்பதற்கு முன்னால் கேலி, படித்து முடித்த பிறகு வேலை கிடைக்காத அவமானம்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்பார்: 'அப்போ சமஸ்கிருதம் படி, இந்தி படி என்கிறீர்களா?' இதைத் திருச்சியில் இருந்துகொண்டு யோசிக்காமல் இருக்க முடியாது. 1938 ஆகஸ்டில் இந்தி எதிர்ப்புப் படை சென்னைக்கு நடந்தது இங்கிருந்துதான். 1964 சனவரி 25-ல் கீழப்பழூர் சின்னசாமி தீக்குளித்தது திருச்சி ரயில் நிலையத்தில்தான். இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு 1939 சனவரி 15-ல் முதல் பலியான நடராசன் தலித் இளைஞர். தலையில் ஏற்றுவதை எதிர்த்துச் செத்தவர்கள் அவர்கள். ஒரு எழுத்தைப் படிக்காதே என்று தடுப்பதும், இதைத்தான் படி என்று திணிப்பதும் ஒரே கை செய்கிற வேலை. நான் சொல்வது வேறு. நம் சங்கதி எந்த எழுத்தில் எழுதிக் கிடக்கிறதோ, அந்த எழுத்தை நாமே விரும்பித் தேடிப் படிப்பது.

5

எனக்கு ஸ்ரீ வந்தது ஆறாம் வகுப்பில். ஒரு வாத்தியார் ஒரு நிமிசத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார். இவ்வளவுதானா என்றிருந்தது. என் அப்பாவுக்கு வேறு அரிச்சுவடி. பொன்மலை ரயில்வே பட்டறையில் தினக்கூலியாகச் சுமை தூக்கியவர். வேகன் மேல் எழுதியிருக்கும் எஸ், ஆர் என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்தும் ஒன்பது வரை எண்ணும் தெரியும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

1978 அக்டோபரில் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. 1935-லேயே குடிஅரசில் பெரியார் எழுதத் தொடங்கிவிட்ட முறை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. நான் எட்டாம் வகுப்பு. பழைய லைக்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு இருக்கும். எத்தனை பிள்ளைகள் அந்தக் கொம்புக்கு அடி வாங்கியிருக்கிறோம்! ஒரு ஆணையில் போய்விட்டது. எழுத்து மனிதன் செய்தது, மனிதன் மாற்றலாம் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

கல்வெட்டு எழுத்துக்கு வந்தது முப்பது வயதுக்கு மேல். சோழர் காலத் தமிழ் எழுத்துத்தானே, படித்துவிடலாம் என்று போனேன். முதல் நாள் ஒரு வரி ஓடவில்லை. பெரும்பாலும் புள்ளி கிடையாது. 'க'வா 'க்'கா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எ, ஏ வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. வரி முடிந்தால் சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரிக்குப் போய்விடுவான். நடுநடுவே ஸ்வஸ்திஸ்ரீ என்று கிரந்தம். வயது வந்தபிறகு மறுபடி ஒண்ணாங் கிளாஸ் பிள்ளையாக உட்காருவது கூச்சமாகத்தான் இருக்கும். நம் ஆட்களுக்கு அந்தக் கூச்சம் இரண்டு மடங்கு. தப்பாக வாசித்தால் 'உங்களுக்கு வராது' என்ற பழைய குரல் காதுக்குள் கேட்கும்.

ஒரு நாள் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ராசராசன் காலத்துக் கல்வெட்டு. ஊர் ஊராகக் கோயிலுக்கு விட்ட நிலத்தைச் சொல்லி, அதில் வரி இல்லாமல் கழிக்க வேண்டிய இடங்களை அடுக்கிக்கொண்டு போகிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. கூட வந்தவர்கள் நல்ல படிப்பாளிகள். ஒரு இடத்தில் தடுக்கி நின்றார்கள். ப, றை, ச, செ, ரி என்று ஐந்து எழுத்து. புள்ளி இல்லை, நெடில் இல்லை. ஒருவர் இப்படிப் பிரித்தார், ஒருவர் அப்படிப் பிரித்தார்.

எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பறைச்சேரி.

வாய்விட்டுச் சொன்னேன். வகுப்பு ஒரு நிமிசம் அமைதியாகிவிட்டது. சொல்லிக் கொடுத்தவர், "சரிதான், மேலே படிங்க" என்றார். படித்தேன். உழப்பறையர் இருக்கும் சேரி வந்தது. வேறு ஊரின் கணக்கில் தீண்டாச்சேரி வந்தது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால், உளி பிடித்து, அழகான கையெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறான். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு வராத எழுத்துக்கும், இங்கே எனக்கு முதலில் வந்த எழுத்துக்கும் நடுவே ஒரே வித்தியாசம்தான். இது என் வீட்டு விலாசம்.

தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, முகலாயன் கொண்டுவந்தது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்தச் சுவர் பதில் சொல்லும். ஆனால் வாசிக்கத் தெரிந்தவன் கேட்டால்தான் சொல்லும்.

6

இதையெல்லாம் வாசித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நொபோரு கராஷிமா என்ற சப்பானியர். 1960களின் தொடக்கத்தில் சென்னைக்கு மாணவராக வந்தார். சப்பானிய எழுத்தில் வளர்ந்தவர், தமிழ் கற்று, கல்வெட்டுத் தமிழும் கற்று, திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் இருக்கும் அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டு 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஈசானமங்கலம் பிரமதேயம், அங்கே நிலம் தனித்தனிப் பிராமணர் பெயரில் இருந்தது. அல்லூர் வேளாண் ஊர். நிலம் பெரும்பாலும் ஊருக்குப் பொதுவாக இருந்தது. சோழர் கால நில உடைமை பற்றிய பிற்காலப் பேச்சு எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னக் கட்டுரை அடிப்படை. பிறகு எ. சுப்பராயலு முதலியவர்களோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களையெல்லாம் தொகுத்தார், 1978-ல் வெளிவந்தது. கல்வெட்டுகளில் தீண்டப்படாதார் பற்றியும் எழுதினார். 2015-ல் இறந்தார்.

அல்லூருக்குக் கரூர் சாலையில் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அந்தப் பக்கத்துச் சேரிகளில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். தங்கள் ஊர்ச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று டோக்கியோவிலிருந்து ஒருவர் வந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்ததை அவர்களிடம் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "அவருக்கு எத்தனை நாள் ஆச்சுண்ணே, எழுத்துப் படிக்க?" நல்ல கேள்வி. எழுத்து அடையாளம் தெரிய நமக்கு ஒரு மாதம் போதும். வாசிக்கப் பழக ஒரு வருசம். அர்த்தம் பிடிபட ஆயுசு பூராவும்.

நான் கண்ட வழியைச் சொல்கிறேன். அட்டவணையை வைத்துக்கொண்டு அகர வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள், சலித்துப்போகும். தெரிந்த பெயரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், அரசன் பெயர். ராசராசன் என்று ஒரு சொல் பிடிபட்டால் ர, ச, ன கையில் இருக்கிறது. அதை வைத்து அடுத்த சொல். பார்ப்பதோடு விடாமல் கையால் எழுதிப் பாருங்கள். விரலுக்குத் தெரிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். சீகன்பால்கு மணலில் செய்தது அதுதான். அச்சிட்ட பாடத்தை முதலில் பார்க்காதீர்கள். தப்பாகவே வாசியுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு செய்ய இடம் இல்லாத வகுப்பில் நம் பிள்ளை வாய் திறக்க மாட்டான்.

தமிழ் எண்களையும் சேர்த்துப் படியுங்கள். ௧, ௨, ௩ மட்டுமல்ல. மா, காணி, முந்திரி என்ற பின்னங்களுக்கும் வேலிக்கும் பழைய கணக்கில் தனித்தனிக் குறிகள் உண்டு. இது பழம்பெருமைக்காக அல்ல. 1892 ஆணையின்படி நம் முன்னோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நில வழக்கு எல்லாம் கடைசியில் ஒரு பழைய தாளில் போய் நிற்கிறது. அந்தத் தாளை வாசிக்க எதிர்த்தரப்பு ஆளையே நம்பியிருக்கிற நிலைமை நமக்கு எத்தனை நாளைக்கு? தஞ்சாவூர் சரசுவதி மகாலில் மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் நம் சங்கதி என்ன இருக்கிறதென்று நம்மில் ஒருவர் பார்க்க வேண்டாமா?

7

என் சின்னம்மாவைப் புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. கல்குவாரியில் ஜல்லி உடைத்தவள். 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி குவாரிக் கொட்டகையில் லாந்தர் வைத்துப் படித்தாள். அதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டாள். அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய காலம் அது. திருச்சிக்கு வந்தபோது என் அம்மாவைச் சத்திரத்துக்குக் கூட்டிப் போய், போர்டு போர்டாகப் படித்துக் காட்டினாளாம். அம்மா வந்து என்னிடம் சொன்னாள்: "அவளும் அந்த மொத எழுத்துகிட்ட நின்னுட்டா. நான்தான் சொன்னேன், அது ஸ்ரீயின்னு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ ஆறாங் கிளாஸ்ல சிலேட்டுல எழுதி எழுதி அழிச்சியே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அம்மாவுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். 2009-ல் இறந்துபோனாள். தன் பெயரை எழுத அவளுக்கு நான் கற்றுக் கொடுக்கவில்லை. எத்தனையோ கல்வெட்டு படித்திருக்கிறேன். இது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுத்து படித்தவன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தரை வெளியே நிறுத்திவிட்டான்.

இப்போது எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்காருகிறோம். கல்லூரிப் பையன்கள், இரண்டு பெண்கள், ஓய்வு பெற்ற துப்புரவுத் தொழிலாளி ஒருவர். அவருக்கு இன்றைய தமிழ் எழுத்தே இனிமேல்தான். பக்கத்திலேயே பையன்கள் சோழர் எழுத்துப் படிக்கிறார்கள். ஒரே சிலேட்டு, இரண்டு அரிச்சுவடி. சோழர் காலத் தமிழும் கொஞ்சம் கிரந்தமும் எங்களால் சொல்லித் தர முடியும். வட்டெழுத்து, மோடி, பழைய தெலுங்கு தெரிந்த தோழர்கள் திருச்சிப் பக்கம் வந்தால், ஒரு சாயங்காலம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.